தலைகீழாக மிதக்கும் மீன்: அவசரத்தில் செய்யக்கூடாதவை

காலையில் தொட்டி விளக்கைப் போட்டால் கோல்டு ஃபிஷ் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதக்கிறது. செத்துவிட்டது என்று கிட்டே போய்ப் பார்த்தால் செவுள் அசைகிறது, பக்கத் துடுப்புகள் படபடவென்று அடிக்கின்றன, உடம்பு மட்டும் நிமிர மறுக்கிறது. அந்த நிமிடத்தில் நமக்குக் கை சும்மா இருக்காது. மீனுக்குக் கெடுதல் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது.

மீன் நீரில் நிமிர்ந்து மிதக்க உதவும் உள்ளுறுப்பு காற்றுப்பை. பலரும் உடனே ‘காற்றுப்பை நோய்’ என்று பெயர் வைத்து மருந்து ஊற்றிவிடுகிறார்கள். காய்ச்சலைப் போல இப்படி மிதப்பதும் ஓர் அறிகுறிதான். தனி நோய் இல்லை. கோல்டு ஃபிஷ்ஷின் காற்றுப்பை இரண்டு அறைகள் கொண்டது. அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் உணவுக்குழாய்க்குப் போகிறது. மலச்சிக்கலில் குடல் வீங்கினாலும், வயிற்றில் முட்டை சேர்ந்தாலும், உள்ளே கட்டி வளர்ந்தாலும் பை நசுங்கும். கிருமி தாக்கினால் அதற்குள் நீர் கோக்கும். ஒராண்டா, ரியுகின் போன்ற உருண்டை உடல் வகைகளில் உறுப்புகளுக்கு இடமே குறைவு என்பதால் தொல்லை அடிக்கடி வரும். இத்தனை காரணங்களுக்கும் ஒரே பாட்டில் மருந்து எப்படிச் சரியாக இருக்கும்? காரணம் தெரியாமல் ஊற்றும் ஆன்டிபயாடிக், ஃபில்டரில் வாழ்ந்து மீன் கழிவின் அம்மோனியாவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடலாம். அப்புறம் அம்மோனியா ஏறி, இருக்கிற மீனுக்கும் ஆபத்து.

அதனால் மருந்துக்கு முன்னால் தண்ணீரைச் சோதிக்கும் டெஸ்ட் கிட்டை எடுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் முதல் சிகிச்சை தண்ணீர் மாற்றுவதுதான். அதற்காக மொத்தத் தண்ணீரையும் ஒரே மூச்சில் கொட்டிவிடாதீர்கள். கால் பங்கிலிருந்து பாதி வரை, குளோரின் நீக்கி, அதே வெப்பநிலையில் மாற்றினால் போதும். வெப்பமானியையும் ஒருமுறை பாருங்கள். ஃபைட்டர் மீனுக்கு 25 முதல் 28 டிகிரி செல்சியஸ் வேண்டும். குளிர்ந்தால் செரிமானம் மந்தமாகும்.

சாப்பாட்டில் நடக்கும் தவறுகள் தனி ரகம். மிதக்கும் பெல்லட்டை மேலே வந்து கவ்வும் கோல்டு ஃபிஷ்ஷைக் கவனியுங்கள்: ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம், உணவோடு காற்றும் உள்ளே போகிறது. இந்த வகை மீன்களுக்கு மூழ்கும் தீனிதான் நல்லது. மிதக்கத் தொடங்கிய மீனுக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி போடலாம். நன்றாக இருந்த வளர்ந்த மீன் அதைத் தாங்கும். பாவம் என்று நடுவில் ஒரு சிட்டிகை போடுவதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. பிறகு வேகவைத்துத் தோலுரித்த பட்டாணியைக் கொஞ்சமாக நசுக்கிக் கொடுக்கலாம். ஆனால் பட்டாணி மலச்சிக்கலுக்கு உதவலாம், தொற்றைக் குணமாக்காது. பூச்சி தின்னும் ஃபைட்டருக்குப் பட்டாணி பொருந்தாது, டாஃப்னியா என்ற நுண்ணிய நீர்வாழ் உயிரியைத் தீனியாகக் கொடுங்கள்.

மிதக்கும் மீனுக்கு உப்பு போடுபவர்களிடம் ஒரு குழப்பம் உண்டு. எப்சம் உப்பு மெக்னீசியம் சல்ஃபேட். சமையல் உப்பு வேறு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போடாதீர்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, ஊசி குத்திக் காற்றை எடுப்பதும், மீனுக்குத் தக்கையோ எடையோ கட்டுவதும்தான். ஊசி உள்ளுறுப்பைக் கிழிக்கும். கட்டிய இடத்தில் செதில் உரிந்து புண்ணாகும். எக்ஸ்ரே பார்க்கக்கூடிய கால்நடை மருத்துவர் செய்ய வேண்டியதை வீட்டில் முயலக் கூடாது.

நாம் செய்யக்கூடியது எளிமையானது. மீன் மேலே வர அதிகம் போராடாதபடி தண்ணீர் மட்டத்தைக் குறையுங்கள், ஃபில்டரின் வேகத்தைத் தணியுங்கள். மிதக்காமல், எழ முடியாமல் அடியிலேயே கிடக்கும் மீனுக்குக் கூர்மையான சரளைக் கல்லை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வயிறு தேய்ந்து புண்ணாகும். மிதக்கும் மீனின் வயிற்றுத் தோல் வெளியே நீட்டிக்கொண்டு காய்ந்து சிவக்கிறதா என்று தினமும் பாருங்கள்.

செதில்கள் சிலிர்த்து நின்றால் இது வேறு, கடுமையான நோயின் அடையாளம். பட்டாணியோடு காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். மறுபக்கம், லோச் போன்ற அடிமட்ட மீன்கள் தரையிலேயே இருப்பதும், ஃபைட்டர் இலைமேல் சாய்ந்து ஓய்வெடுப்பதும் இயல்பு. அவற்றைத் தொந்தரவு செய்யாதீர்கள்.