கமிட் மெசேஜ்ல டிக்கெட் நம்பர மட்டும் போட்டுட்டு போகாதீங்க

டீம்ல புதுசா சேர்றவங்களோட புல் ரிக்வெஸ்ட்ட (மெயின் கோட்ல சேர்க்க சொல்லி அனுப்பற மாற்றங்கள) பாக்கறதுதான் இப்ப என் வேலைல பெரும்பகுதி. கோட் நல்லாவே எழுதுறாங்க, டெஸ்ட் கூட யாரும் சொல்லாமலே எழுதிடறாங்க, ஆனா கமிட் மெசேஜ்னு (கிட்ல, அதாவது Gitல, ஒரு மாற்றத்த சேவ் பண்ணும்போது கூட எழுதுற குறிப்பு) வந்தா நாங்கெல்லாம் ஆரம்பத்துல பண்ண அதே தப்புங்கள வரிசை மாறாம பண்றாங்க. "ஃபிக்ஸ்", "அப்டேட்", "ஃபைனல்"னு எழுதாதீங்கன்னு சொல்றதுக்கு நான் இத எழுதல, அது தப்புன்னு எழுதுறவங்களுக்கே தெரியும். பாக்க ஒழுங்கா இருந்து ரிவியூவையும் தாண்டிப் போயி ரெண்டு வருஷம் கழிச்சு வேற யாரோ ஒருத்தர் தலைல விடியுற தப்புங்க இருக்கு பாருங்க, அதத்தான் சொல்ல வந்தேன். மெசேஜ எல்லாரும் இங்கிலீஷ்லதான் எழுதுறோம், இங்க உதாரணத்துல விஷயத்த மட்டும் தமிழ்ல போடுறேன்.

காரணத்த டிக்கெட்லயே விட்டுட்டு வர்றது

இதுதான் எனக்கு இன்னைக்கும் எரிச்சலா வர்ற தப்பு. மெசேஜ்ல "பே-418"னு ஒரே ஒரு டிக்கெட் நம்பர் (வேலையையும் பிழையையும் பதிஞ்சு வைக்கற டிராக்கர்ல அதுக்கு குடுத்த நம்பர்) இருக்கும், இல்லன்னா நம்பரும் கூட "கால்பேக் பிரச்சனை சரி செஞ்சாச்சு"ன்னு நாலு வார்த்தையும் இருக்கும். ஏன்பா இப்படின்னு கேட்டா "டிக்கெட்ல எல்லாமே விவரமா இருக்குண்ணா"ம்பாங்க. இருக்குதான், இன்னைக்கு இருக்கு.

முன்னாடி நான் இருந்த ஒரு கம்பெனில பேமெண்ட் கோட்ல ஒரு இடம் உண்டு. பேமெண்ட் கேட்வேலேர்ந்து கால்பேக் (பணம் கட்டியாச்சுன்னு சொல்ற தகவல்) வந்ததும் ஆர்டரோட நிலைமைய ஒரு தடவ செக் பண்ணும், அப்புறம் டேட்டாபேஸ்ல அந்த ஆர்டரோட வரிசைக்கு லாக் (அந்த நேரம் வேற எதுவும் அத மாத்தாம தடுக்கற பூட்டு) எடுக்கும், லாக் கிடைச்ச உடனே அதே செக்க மறுபடியும் பண்ணும். படிக்கறவங்களுக்கு ரெண்டாவது செக் வேண்டாத வேலையாத்தான் தெரியும். கோட சுத்தம் பண்ண உக்காந்த ஒரு பையனுக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது, ஆனா அவன் அவசரப்படல, முறையா கிட் பிளேம் போட்டு அந்த வரிய யார் எதுக்கு சேர்த்தாங்கன்னு தேடிப் பாத்தான். கிடைச்சது ஒரு டிக்கெட் நம்பர், அவ்ளோதான். அந்த நம்பர் இருந்த டிராக்கர கம்பெனி எப்பவோ மாத்திடுச்சு, மாத்தும்போது திறந்திருந்த டிக்கெட்டுங்கள மட்டும்தான் புதுசுக்கு கொண்டுவந்தாங்க, மூடின டிக்கெட்டுங்க எந்த பேக்கப்ல இருக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியல, எழுதினவரு வேலைய விட்டே போயிட்டாரு. சரின்னு ரெண்டாவது செக்க எடுத்துட்டான். டெஸ்ட் எல்லாம் பாஸ், ரிவியூ பண்ணவரும் சரின்னுட்டாரு.

தீபாவளி ஆஃபர் நேரத்துல சர்வர் மேல லோடு ஏறுச்சு. நம்ம பக்கம் பதில் சொல்ல தாமதமானா அந்த கேட்வே அதே கால்பேக்க இன்னொரு தடவ அனுப்பும். ரெண்டு கால்பேக்கும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வந்து, ரெண்டுமே முதல் செக்க தாண்டி, ஒண்ணு பின்னாடி ஒண்ணா லாக் எடுத்து, வாலட்ல ரெண்டு தடவ பணம் ஏறிடுச்சு. கணக்கு டீம் பேங்க் ஸ்டேட்மெண்டோட ஒப்பிட்டுப் பாத்தப்பதான் இது வெளிய வந்துச்சு, அதுக்குள்ள பல பேரு அந்த பணத்த செலவே பண்ணிட்டாங்க. திட்டு வாங்குனது அந்த பையன். அவன் தேட வேண்டிய இடத்துலதான் தேடினான், அங்க ஒண்ணுமே எழுதி வைக்கலன்னா அவன் என்ன பண்ணுவான்?

முதல்லயே அந்த மெசேஜ் இப்படி இருந்திருக்கணும்:

> பேமெண்ட் கால்பேக்: லாக் எடுத்த பிறகும் ஆர்டர் நிலைமைய செக் பண்ணு
>
> நம்ம பதில் தாமதமானா கேட்வே அதே கால்பேக்க திரும்ப அனுப்புது. ரெண்டும் ஒரே சமயத்துல வந்தா முதல் செக்க ரெண்டுமே தாண்டிடும், வாலட்ல ரெண்டு தடவ பணம் ஏறும். லாக் கிடைச்ச பிறகு பண்ற செக்தான் இத தடுக்குது. ஒவ்வொரு கால்பேக்கா அனுப்பற டெஸ்ட்ல இந்த பிரச்சனை தெரியாது.
>
> டிக்கெட்: பே-418

எழுத அஞ்சு நிமிஷம் ஆகுமா? டிக்கெட் நம்பரே வேண்டாம்னு நான் சொல்லல, கடைசி வரில போடுங்க, தேட உதவும். ஆனா காரணம் மெசேஜ் உள்ளயே இருக்கணும். ஏன்னா கமிட்டோட ஹாஷ (ஒவ்வொரு கமிட்டுக்கும் கிட் குடுக்கற அடையாள எண்ண) கணக்கு பண்ணும்போது ஃபைலுங்க, முந்தின கமிட், எழுதினவர் பேரு, தேதி இதோட சேர்ந்து மெசேஜும் உள்ள போகுது, ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மாறிடும், அதாவது மெசேஜ் கமிட்டோட ஒரு பாகமாவே இருக்கு. ரெப்போவ (கோடும் அதோட கமிட்டுங்களும் இருக்கற இடத்த) முழுசா குளோன் பண்ற ஒவ்வொருத்தர் மெஷின்லயும் அந்த மெசேஜ் இருக்கு, நெட் இல்லாத ரயில்ல உக்காந்துகூட கிட் லாக் போட்டு படிக்கலாம். டிராக்கருக்கு அந்த ஆயுசு கிடையாது. ப்ராஜெக்ட்டுங்களும் அதோட டிராக்கருங்களும் இருந்த கூகுள் கோட் சைட்ட 2016 ஜனவரில மூடிட்டாங்க. பைத்தான் ப்ராஜெக்ட் 2022ல தன்னோட பழைய பக் டிராக்கர விட்டு கிட்ஹப் இஷ்யூஸுக்கு வந்துச்சு, நம்பரெல்லாம் மாறிப்போச்சு, ஆனா அவங்க பழைய பக்கங்கள படிக்கற மாதிரி அப்படியே வச்சிருக்காங்க. நம்ம கம்பெனிங்க அந்த அளவுக்கு மெனக்கெடும்னு நம்பி உக்காராதீங்க.

லினக்ஸ் கெர்னலுக்கு பேட்ச் (கோட் மாற்றம்) அனுப்பறவங்களுக்கான வழிகாட்டில இத நேராவே எழுதியிருக்காங்க: லிங்க் குடு, ஆனா வெளிய எங்கயும் போய்ப் பாக்காமலே புரியற மாதிரி விஷயத்த சுருக்கி மெசேஜ்லயும் எழுது. பழைய கமிட் ஒண்ணால வந்த பிழைய சரி பண்ணா, அந்த பழைய கமிட்டோட ஹாஷ்ல குறைஞ்சது முதல் 12 எழுத்தும் கூடவே அதோட தலைப்பும் போடணும்பாங்க. ஹாஷ மட்டும் பாத்தா மனுஷனுக்கு ஒண்ணும் புரியாதில்ல.

"நேத்து மீட்டிங்ல பேசினபடி", "சாட்ல சொன்ன மாதிரி"ன்னு எழுதுறதும் இதே கணக்குதான். அந்த மீட்டிங்ல இல்லாதவங்கதான் நாளைக்கு இத படிக்கப் போறாங்க.

டிஃப் சொல்றதையே திருப்பி சொல்றது

"டைம்அவுட்ட 30லேர்ந்து 90 ஆக்கினேன்." அது டிஃப்லயே (பழைய வரிக்கும் புது வரிக்கும் உள்ள வித்தியாசத்த காட்டறது) சிவப்பும் பச்சையுமா தெரியுது. ஏன் 90, ஏன் 60 இல்ல? மாசக் கடைசில ரிப்போர்ட் சர்வர் 80 செகண்ட் வரைக்கும் எடுத்துக்குதா, இல்ல சும்மா மனசுக்கு தோணின நம்பரா? சும்மா தோணினதுன்னா அதையும் எழுதுங்க, அடுத்து வர்றவங்க பயப்படாம மாத்துவாங்க. இப்ப எடிட்டர்லயே ஏஐ மெசேஜ் எழுதிக் குடுக்கற பட்டன் வந்துடுச்சு, புதுசா வர்றவங்க நிறைய பேரு அத அமுக்கிட்டு போயிடறாங்க. அது பெரும்பாலும் டிஃப்ப மட்டும்தான் பாக்குது, அதனால டிஃப்ல இருக்கறதத்தான் அழகான இங்கிலீஷ்ல நீட்டி எழுதும். கேட்வே ரெண்டு தடவ கால்பேக் அனுப்பும்னு அதுக்கு எப்படி தெரியும்? அது எழுதினத வச்சுக்கோங்க, காரணத்த நீங்க சேர்த்துட்டு சேவ் பண்ணுங்க.

ஒரே கமிட்ல ரெண்டு வேலை

தலைப்பு எழுத வரலன்னாலே பாதி நேரம் பிரச்சனை மெசேஜ்ல இல்ல, கமிட்லதான் இருக்கு. லாஜிக் மாத்தினதோட சேர்த்து நாப்பது ஃபைல ஃபார்மேட் பண்ணி ஒரே கமிட்டா போட்டா அதுக்கு நேர்மையா ஒரு தலைப்பு யாராலயும் வைக்க முடியாது. கிட் பைசெக்ட் பாதி பாதியா பிரிச்சு தேடி, ஆயிரம் கமிட்லேர்ந்து பிழைய கொண்டுவந்த கமிட்ட சுமார் பத்து தடவ சோதிச்சு கண்டுபிடிச்சுடும், ஆனா கடைசில அது கை காட்டற கமிட் இந்த நாப்பது ஃபைல் கமிட்டா இருந்தா அதுக்குள்ள நாமதான் திரும்ப முதல்லேர்ந்து தேடணும். ரிவர்ட் பண்ணாலும் (அந்த கமிட்ட திருப்பி எடுத்தாலும்) ரெண்டு வேலையும் சேர்ந்தே போயிடும். கமிட்ல எது போகணும்னு எடுத்து வைக்கற கிட் ஆட்ல பேட்ச் ஆப்ஷன் இருக்கு, ஒரே ஃபைல்ல இருக்கற மாற்றங்களக்கூட துண்டு துண்டா பிரிச்சு எடுக்கலாம், அத பழகிக்கோங்க. ஃபார்மேட்டிங்க தனி கமிட்டா போட்டா இன்னொரு லாபமும் உண்டு, 2019ல வந்த கிட் 2.23லேர்ந்து பிளேம் பாக்கும்போது இந்தந்த கமிட்ட கண்டுக்காதன்னு ஒரு ஃபைல்ல எழுதி வச்சுடலாம்.

முதல் வரிக்கு அப்புறம் ஒரு வரி காலியா விடுங்க

விடலன்னா முதல் காலி வரி வர்ற வரைக்கும் எல்லாத்தையும் கிட் தலைப்பாவே எடுத்துக்கும்.

50 எழுத்த எண்ணிக்கிட்டே உக்காந்திருக்கறது

தலைப்பு 50 எழுத்துக்குள்ள இருக்கணும்னு சொல்லுவாங்க, ஆனா லினக்ஸ் கெர்னல்லயே 70-75 எழுத்து வரைக்கும் விடுறாங்க. தெளிவா இருந்தா போதும்.

# வச்சு வரிய ஆரம்பிக்கறது

எடிட்டர்ல எழுதும்போது #ல ஆரம்பிக்கற வரிய கிட் கமெண்ட்னு நினைச்சு தூக்கிப் போட்டுடும். "#212 பாக்கவும்"னு தனி வரில எழுதினா அது மறைஞ்சே போயிடும். முன்னாடி ஏதாவது ஒரு வார்த்தை போடுங்க.

எப்பவும் மைனஸ் எம் போட்டே கமிட் பண்றது

மைனஸ் எம்னா (-m) மெசேஜ கமாண்டோடயே மேற்கோள் குறிக்குள்ள எழுதறது. டெர்மினல்ல அப்படி யாரும் பத்தி பத்தியா எழுத மாட்டாங்க, அதனால மைனஸ் எம் பழக்கம் உள்ளவங்க மெசேஜ் ஒரு வரியோட நின்னுடுது. உங்களுக்கு பிடிச்ச எடிட்டர கிட்ல செட் பண்ணிட்டு மைனஸ் வி (-v) போட்டு கமிட் பண்ணுங்க, கீழயே டிஃப் முழுசா தெரியும், அத பாத்துக்கிட்டே எழுதலாம். எழுதும்போதே தேவையில்லாம உள்ள வந்த பிரிண்ட் வரி ஒண்ணு கண்ல படும், எனக்கு அப்படி நிறைய மாட்டியிருக்கு.

ரிவர்ட்ட அப்படியே சேவ் பண்றது

கிட் தானாவே "இது இன்ன கமிட்ட ரிவர்ட் பண்ணுது"ன்னு எழுதிக் குடுத்துடும், அதோட வேலை முடிஞ்சுதுன்னு மூடிடறாங்க. எதுக்கு ரிவர்ட் பண்ணீங்க? புரொடக்‌ஷன் விழுந்துதா, மெமரி ஏறிச்சா, இல்ல ரிலீஸ் தேதிக்காக தள்ளி வச்சீங்களா? இது தெரியலன்னா கொஞ்ச மாசத்துல வேற ஒருத்தர் அதே மாற்றத்த நல்லெண்ணத்தோட மறுபடி கொண்டுவருவாரு, அதே மாதிரி மறுபடி விழும்.

ஸ்குவாஷ் மெர்ஜ்ல குப்பைய சேர்த்து உள்ள விடறது

ஸ்குவாஷ் மெர்ஜ்னா பிரான்ச்ல இருக்கற கமிட்டுங்கள ஒண்ணாக்கி சேர்க்கறது. அந்த பட்டன அமுக்கறதுக்கு முன்னாடி மெசேஜ் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு படிங்க. "லிண்ட்", "ரிவியூ கமெண்ட் சரி பண்ணேன்", "மறுபடி லிண்ட்" எல்லாத்தையும் அழிச்சுட்டு ஒரே மெசேஜா எழுதுங்க.

புஷ் ஆன பிறகு திருத்தறது

உங்க சொந்த பிரான்ச்ல இருக்கற வரைக்கும் அமெண்ட் (கடைசி கமிட்ட திருத்தறது), ரீபேஸ் (கமிட்டுங்கள மறுபடி அடுக்கறது) எது வேணா பண்ணுங்க. எல்லாரும் எடுத்துக்கற பிரான்ச்சுக்கு போயிடுச்சுன்னா தொடாதீங்க, மெசேஜ மட்டும் மாத்தினாலும் அதுவும் அதுக்கு மேல வந்த கமிட்டுங்களும் புது ஹாஷ் வாங்கிடும், அத எடுத்து வச்சிருக்கற எல்லாரோட மெஷினும் குழம்பும். காரணம் எழுத விட்டுப்போச்சுன்னா அந்த வரிக்கு மேல கோட்லயே ஒரு கமெண்ட் போட்டு புது கமிட் பண்ணுங்க, அதோட மெசேஜ்ல பழைய கமிட்டோட ஹாஷையும் தலைப்பையும் சேர்த்து எழுதிடுங்க, பிளேம் பண்றவங்க அது வழியா வந்து சேர்ந்துடுவாங்க.