சிறு நகரத்தில் குடும்ப ஆலோசகரைத் தேடுவது எப்படி?

கணவன் மனைவிக்குள் பேச்சு நின்று மாதக்கணக்காகிறது. பத்தாம் வகுப்புப் பையன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று படுத்துக்கொள்கிறான். மாமியார் மருமகள் பூசல் அடுப்படியைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது. சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்கள், ஒரு கவுன்சிலரைப் போய்ப் பாருங்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அறந்தாங்கியிலோ சங்கரன்கோவிலிலோ ஒட்டன்சத்திரத்திலோ குடியிருப்பவருக்கு அது அவ்வளவு எளிதன்று. அப்படி ஒருவர் அருகில் இருக்கிறாரா என்பது ஒரு கவலை. இருந்தாலும், அவரிடம் போனது மறுநாளே சொந்தபந்தத்துக்கெல்லாம் தெரிந்துவிடுமே என்பது அதைவிடப் பெரிய கவலை. ஆளில்லாததைக் காட்டிலும் இந்த இரண்டாவது கவலையால்தான் பல குடும்பங்கள் சிகிச்சையைத் தள்ளிப்போடுகின்றன என்பது என் கருத்து. ஆகவே, தேடத் தொடங்கும்போதே தகுதியையும் அந்தரங்கத்தையும் சேர்த்தே யோசிப்பது நல்லது.

யாரைப் பார்க்க வேண்டும்?

வீட்டில் நடப்பது ஒருவருடைய நோயா, எல்லோருக்கும் இடையிலான உறவுச் சிக்கலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒருவர் வாரக்கணக்கில் தூங்காமல் இருக்கிறார், தனக்குத்தானே பேசிக்கொள்கிறார், எந்த ஆதாரமும் இல்லாமல் மனைவியையோ அக்கம்பக்கத்தாரையோ சந்தேகப்படுகிறார், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்கிறார் என்றால், குடும்ப ஆலோசனைக்கு முன்பாக மனநல மருத்துவரைப் பார்த்தாக வேண்டும். அவர் எம்.பி.பி.எஸ். முடித்து, மனநல மருத்துவத்தில் எம்.டி., டி.என்.பி. அல்லது டி.பி.எம். பட்டம் பெற்றவர். இத்துறையில் நாம் சந்திக்கக்கூடியவர்களுள் மருந்து எழுதித் தருபவர் அவர்தான். மருத்துவ உளவியலாளர் என்பவர் உளவியல் சோதனைகள் செய்வார், பேச்சுவழிச் சிகிச்சை அளிப்பார். மருந்து தர மாட்டார்.

மூன்றாவதாக, மனநலச் சமூகப் பணியாளர் என்றொருவர் உண்டு. எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலைப் படிப்பில் மருத்துவம், மனநலம் சார்ந்த பிரிவை எடுத்துப் படித்துவிட்டு மருத்துவமனையில் பணிபுரிபவர். வீட்டின் வருமானம், யார் சொல்லுக்கு யார் கட்டுப்படுகிறார்கள், கடன் யார் பெயரில் இருக்கிறது என்பதையெல்லாம் கேட்டறிந்து, குடும்பத்தை ஒன்றாக உட்கார வைத்துப் பேசும் பயிற்சி பெற்றவர். குடும்பப் பூசலுக்குப் பல நேரங்களில் இவரே மிகப் பொருத்தமானவர். ஆனால் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் இல்லை என்பதற்காக நம் மக்கள் இவரைப் பொருட்படுத்துவதில்லை. இவர்களைத் தவிர, உளவியலில் முதுகலை முடித்துத் தனியாகத் தொழில் நடத்தும் ஆலோசகர்களும் இருக்கிறார்கள். அவர்களுள் நல்லவர்களும் உண்டு, அரைகுறைகளும் உண்டு.

அரசு மருத்துவமனையிலிருந்து தொடங்குங்கள்

மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு குழு இயங்குகிறது. அதன் மனநல மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் முறைவைத்து வருவார். உங்கள் ஊருக்கு எந்தக் கிழமை என்பதை ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளலாம். மருந்து இலவசம். மாவட்டத் தலைநகரம் வரை போக முடியுமானால் வசதி இன்னும் கூடும்: 2022 ஜனவரியில் விருதுநகர், திண்டுக்கல், ராமநாதபுரம், நாமக்கல், அரியலூர் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்ட பிறகு, பெரும்பாலான மாவட்டங்களில் இப்போது ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலை நேரக் கூட்டத்தில் மருத்துவர் உங்களுக்குச் சில நிமிடங்கள்தாம் தர முடியும் என்பது உண்மையே. அந்தச் சில நிமிடங்களில் முழுக் கதையையும் சொல்லி முடிக்க முயலாமல், “குடும்பமாக உட்கார்ந்து பேச உளவியலாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ அனுப்ப முடியுமா? கூட்டம் இல்லாத நேரம் எது?” என்று கேட்பதே பயன் தரும்.

மருத்துவமனை வளாகத்துக்குள் ஆலோசகர் என்ற பலகையைக் கண்டதும் நுழைந்துவிட வேண்டாம். நம்பிக்கை மையத்து ஆலோசகர் எச்.ஐ.வி. பரிசோதனைக்கு வருவோருக்கானவர். குடும்ப நலம் என்று எழுதியிருக்கும் அறையில் கணவன் மனைவி சண்டையைச் சொல்லத் தொடங்கினால், அவர்கள் கருத்தடை முறைகளை விளக்கத் தொடங்குவார்கள். 10 முதல் 19 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான வளரிளம் பருவ ஆலோசகர் இருந்தால் மட்டும், பள்ளி செல்ல மறுக்கும் பையனின் விஷயத்தில் அவர் உதவக்கூடும்.

வீட்டைவிட்டு வெளியே போகவே தயக்கம் என்றால் 14416 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனஸ் என்னும் அரசு தொலைபேசி மனநலச் சேவையின் எண் இது. கட்டணம் கிடையாது, இரவும் பகலும் தமிழில் பேசலாம். ஆறுதலுக்கு மட்டுமன்றி வழி கேட்கவும் இந்த எண்ணைப் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எங்கள் வட்டாரத்தில் நேரில் பார்க்க எங்கே போக வேண்டும் என்று நேரடியாகவே கேளுங்கள்.

அடுத்த ஊர் ஏன் நல்லது?

தனியார் ஆலோசகரைத் தேடுவதானால், சொந்த ஊரைத் தவிர்த்து, பஸ்ஸில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஊரில் தேடுவதே என் பரிந்துரை. சிறு நகரத்தில் ஆலோசகரின் மனைவி உங்கள் மகளின் வகுப்பாசிரியையாக இருப்பார்; அவருடைய வரவேற்பறையில் டோக்கன் தருபவர் உங்கள் சித்தப்பாவுக்கு எதிர்வீடாக இருப்பார். ஆலோசகர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், நாளை ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் எதிரெதிரே உட்கார நேரும்போது இருவருக்கும் சங்கடம்தான். உறவினரையோ, குடும்ப நண்பரையோ, ஒரே சபையைச் சேர்ந்தவரையோ ஆலோசகராகக் கொள்ளாமல் இருப்பது இதனால்தான் உத்தமம். நல்ல ஆலோசகர், உங்களைத் தெரியும் என்றால் தாமே அதைச் சொல்லி வேறொருவரிடம் அனுப்புவார்.

செய்தி கசிவது பெரும்பாலும் ஆலோசகரின் வாயிலிருந்து அன்று. மருந்துச் சீட்டை உள்ளூர் மெடிக்கலில் நீட்டும்போது கசிகிறது. மாத்திரையின் பெயரைப் பார்த்ததும் கடைப்பையன் நிமிர்ந்து பார்ப்பான், பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்ப்பார். ஆகவே மருத்துவரைப் பார்த்த ஊரிலேயே ஒரு மாதத்துக்கான மருந்தையும் வாங்கிவிடுங்கள். நேரம் கேட்டுத் தொலைபேசியில் அழைக்கும்போது, உள்ளே கூப்பிடுவது டோக்கன் எண்ணைச் சொல்லியா, பெயரைச் சொல்லியா என்றும் விசாரித்துக்கொள்ளலாம். இதைக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மதுரை டாக்டர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு வருகிறார் என்று நர்சிங் ஹோம் வாசலில் தொங்கும் பலகையைப் பல ஊர்களில் பார்க்கலாம். ஏற்கெனவே மருந்து எடுப்பவர் தொடர்ந்து காட்டிக்கொள்ள இந்த ஏற்பாடு போதும். குடும்பமாகப் பேசும் சிகிச்சைக்கு இது சரிவராது. ஏனெனில் அதற்கு ஒவ்வொரு முறையும் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரமும், தொடக்கத்திலேனும் வாரம் ஒருமுறையோ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ சந்திப்பும் தேவைப்படும்.

தொண்டு நிறுவனங்களையும் விசாரியுங்கள். மதுரையில் எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநலப் பணிகளை நடத்துகிறது. சென்னையின் ஸ்கார்ஃப் அமைப்பு புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு வண்டியிலேயே தொலைமருத்துவ வசதியைக் கொண்டுசென்றது. திண்டுக்கல் அருகே நொச்சியோடைப்பட்டியில் கப்புச்சின் துறவியரின் அனுக்கிரகா நிறுவனம் இருக்கிறது. கிறித்தவ நிறுவனங்களில் ஆலோசனை தருவதை ஆற்றுப்படுத்துதல் என்பார்கள். மதம் சார்ந்த எந்த இடமானாலும், வழிபாடும் ஆலோசனையும் தனித்தனியாக நடக்குமா என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும். நோய் கடுமையாகி ஒருவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையத்தை நினைவில் கொள்ளலாம். நோயாளியுடன் குடும்பத்தினரும் தங்கி, சிகிச்சையில் பங்குகொள்ளும் முறை அங்கே நெடுங்காலமாக இருந்துவருகிறது.

தகுதியைச் சரிபார்த்தல்

மனநல மருத்துவருக்கு மருத்துவ கவுன்சிலின் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி, அக்கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். ஆலோசகர் என்ற பெயருக்கோ நடைமுறையில் இத்தகைய காவல் இல்லை. மூன்று மாத டிப்ளமோவை வைத்துக்கொண்டும் பலகை மாட்டிவிடலாம். எனவே எங்கே, எத்தனை ஆண்டு படித்தார், மூத்த ஒருவரின் மேற்பார்வையில் பயிற்சி பெற்றாரா, குடும்பங்களோடு வேலை செய்திருக்கிறாரா என்று கேட்டே ஆக வேண்டும். சுவர் நிறைய விருதுகளும் அமைச்சர்களோடு எடுத்த படங்களும், மூன்றே அமர்வில் குணம் என்ற உறுதிமொழியும், முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டச் சொல்லும் அவசரமும் ஓரிடத்தில் சேர்ந்திருந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

முதல் தொலைபேசி அழைப்பை இப்படித் தொடங்கலாம்: “வணக்கம் சார், எங்கள் வீட்டில் கணவன் மனைவிக்குள் ஒரு பிரச்சினை. நீங்கள் இருவரையும் சேர்த்துப் பார்ப்பீர்களா, தனித்தனியாகவா? ஒரு தடவைக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு கட்டணம்? நான் சொல்வதை அவரிடம் சொல்வீர்களா?” கடைசிக் கேள்வியைத் தவறாமல் கேளுங்கள். தயங்காமல், தெளிவாகப் பதில் சொல்பவரே வேலை தெரிந்தவர். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், சிகிச்சை குறித்த தகவல்கள் இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. விதிவிலக்குகளும் உண்டு: உயிருக்கு ஆபத்து என்றால் ஆலோசகர் மற்றவருக்குத் தெரிவிப்பார், குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருந்தால், போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும்.

வீட்டாரை அழைத்துச் செல்லுதல்

உனக்குத்தான் கோளாறு, டாக்டரிடம் வா என்று அழைத்தால் எந்தக் கணவரும் வர மாட்டார். “எனக்கு மனசு சரியில்லைங்க, என்னோடு ஒரு தடவை வாங்க, நீங்க நினைக்கிறதையும் அவங்ககிட்ட சொல்லுங்க” என்று கேட்டால் பாதிப் பேராவது வருவார்கள். வராவிட்டாலும் நீங்கள் மட்டும் போகலாம். குடும்பத்தில் ஒருவர் பதில் சொல்லும் விதம் மாறினாலே சண்டையின் போக்கும் மாறத் தொடங்கும் என்பதால், தனியாகப் போவதும் வீண்போகாது.

போகிற எல்லோரும் ஒன்றைப் புரிந்துகொண்டு போக வேண்டும்: அங்கே நடப்பது பஞ்சாயத்து அன்று. யார் பக்கம் நியாயம் என்று ஆலோசகர் தீர்ப்புச் சொல்ல மாட்டார். மாமியார் பேசும்போது மகன் ஏன் தலையைக் குனிகிறான், சண்டை முற்றும் நேரத்தில் சின்னப் பெண் ஏன் வயிற்றுவலி என்கிறாள் என்பன போன்றவற்றையே கவனிப்பார். அதையே கேள்வியாகவும் கேட்பார். இரண்டு பேரையும் உட்கார வைத்து, “அனுசரித்துப் போம்மா” என்று அறிவுரை சொல்லி அனுப்புகிறவரிடம் பணம் கொடுத்துப் போக வேண்டியதில்லை; அதைச் சொல்ல ஊரில் பெரியவர்கள் இருக்கிறார்கள்.

அடி, உதை, மிரட்டல் இருக்கும் வீட்டில் கணவனையும் மனைவியையும் சேர்த்து உட்கார வைப்பது ஆபத்து. அறையில் சொன்ன ஒரு வார்த்தைக்கு வீட்டில் அடி விழும். அந்த நிலையில் பெண்கள் 181 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையத்தையும், குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படியான பாதுகாப்பு அலுவலரையும் நாடலாம். அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் கவுன்சிலிங் என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் சமரசம் பேசுவதே. வழக்கு ஏற்கெனவே குடும்ப நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், அங்கேயும் ஆலோசகர்கள் உண்டு. அவர்களுடைய பணி வழக்கோடு தொடர்புடையது.

குடிப்பழக்கம் இருந்தால், நாலு ஆட்களை அனுப்பி இரவோடு இரவாகத் தூக்கிவருகிறோம் என்று சொல்லும் மறுவாழ்வு இல்லங்களுக்குச் சம்மதிக்காதீர்கள். மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கோயில், தர்கா, ஜெபக்கூட்டம் என்று போவோரை நான் தடுக்க மாட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடத்திலும், கட்டிப்போடும் இடத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தீப்பிடித்த மனநோயாளிகள் காப்பகத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் தப்பியோட முடியாமல் 28 பேர் மாண்டார்கள்.

நேரில் போக வழியே இல்லையென்றால் காணொளி அழைப்பில் பேசலாம். தகுதி பார்க்கும் விதிகள் அதற்கும் அவையேதான். சிக்கல் இடத்தில்தான் இருக்கிறது: இரண்டு அறை வீட்டில் மாமியாரைப் பற்றி எப்படிப் பேசுவது? மொட்டை மாடி, தோட்டத்து மோட்டார் ரூம், நிறுத்திய காருக்குள் என்று முன்னதாகவே ஓரிடத்தைத் தீர்மானித்து, சிக்னல் கிடைக்கிறதா என்றும் பார்த்து வையுங்கள். காதில் ஹெட்போன் இருந்தால் ஆலோசகரின் கேள்வியாவது வெளியே கேட்காது.

நான்கைந்து அமர்வுகள் முடிந்த பிறகும் என்ன நோக்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது விளங்கவில்லை என்றாலோ, அவர் ஒருவர் பக்கமே சாய்வதாக வீட்டில் இன்னொருவர் உணர்ந்தாலோ, முதலில் அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். அதற்கு அவர் கோபப்பட்டால் வேறொருவரைத் தேடலாம். போகும்போது சோதனை அறிக்கைகளையும் மருந்துச் சீட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்தவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.