அந்தத் தெளிந்த வளையம் பாக்டீரியோசினுடையதுதானா? அளந்து பார்க்கும் முறை

கடலூர் துறைமுகத்து மீனிலிருந்தோ, பரங்கிப்பேட்டைக் கழிமுகச் சேற்றிலிருந்தோ, புளித்த இட்லி மாவிலிருந்தோ லாக்டிக் பாக்டீரியாவைப் பிரித்து, அதன் வளர்ப்பு நீரை, சோதனைக் கிருமி கலந்த அகார் தட்டில் வெட்டிய குழியில் விட்டால், பெரும்பாலும் கிருமி வளராத ஒரு தெளிந்த வளையம் விழும். உடனே பாக்டீரியோசின் (பிற பாக்டீரியாவைக் கொல்ல ஒரு பாக்டீரியா சுரக்கும் பெப்டைடு, அதாவது சிறு புரதம்) என்று நோட்டில் எழுதிவிடாதீர்கள். லாக்டிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் அதே வளையத்தைப் போடும்.

எம்ஆர்எஸ் என்ற லாக்டிக் பாக்டீரியா வளர்ப்புத் திரவத்தில் 30 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம் வளர்த்து, 10,000 ஜி விசையில் 10 நிமிடம் சென்ட்ரிஃபியூஜில் சுற்றி மேல்நீரை எடுங்கள். 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்-ஐ 6.5க்குக் கொண்டுவாருங்கள். 7ஐத் தாண்டவிடக் கூடாது. காரம் ஏறினால் நிசின் போன்ற பாக்டீரியோசின்கள் வீரியம் இழக்கும். 0.22 மைக்ரான் பிவிடிஎஃப் ஃபில்டரில் வடிகட்டுங்கள். நைட்ரோசெல்லுலோஸ் வேண்டாம், பெப்டைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

வடிநீரை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்று அப்படியே. இன்னொன்றில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி, மற்றொன்றில் புரதத்தைச் சிதைக்கும் புரோட்டினேஸ் கே நொதி, இரண்டும் மில்லிக்கு 1 மில்லிகிராம். 37 டிகிரியில் 2 மணி நேரம். கேட்டலேஸுக்குப் பிறகும் வளையம் நின்று, புரோட்டினேஸில் மறைந்தால்தான் அது பெப்டைடு. நொதி கலந்த பஃபருக்கும், பிஎச் 6.5க்குக் கொண்டுவந்த வெறும் எம்ஆர்எஸ்ஸுக்கும் தனிக் குழி கட்டாயம். கடல் பாக்டீரியாவுக்கு உப்புச் சேர்த்த ஊடகம் என்றால், அதே உப்புள்ள வெறும் ஊடகத்துக்கும் ஒரு குழி. உப்பு நேர்மின் பெப்டைடுகளின் வீரியத்தையும் குறைக்கும். நல்ல பெப்டைடே கண்ணில் படாமல் போகலாம்.

சோதனைக் கிருமியாக மைக்ரோகாக்கஸ் லூட்டியஸ் போதும். 0.8 சதவீத அகார் 20 மில்லியை 45 டிகிரிக்கு ஆறவிட்டு, இரவு முழுக்க வளர்த்த கிருமியில் 200 மைக்ரோலிட்டர் கலந்து ஊற்றுங்கள். சூடு அதிகமானால் கிருமி செத்துத் தட்டு முழுக்கத் தெளிவாகிவிடும். ஆறிப்போனால் கட்டி தட்டும். ஐப்பசி மழையில் மூடியின் உள்பக்கம் நீர் கோக்கும். ஒரு சொட்டு விழுந்தாலே இரண்டு குழிகள் ஒன்றாகிவிடும். ஆகவே லேமினார் மேடையின் சுத்தமான காற்றில் மூடியைத் திறந்து 15 நிமிடம் உலர்த்துங்கள். 6 மில்லிமீட்டர் குழி வெட்டி, அடியில் உருகிய அகார் ஒரு சொட்டு விட்டு அடையுங்கள். இல்லாவிட்டால் மாதிரி அகாருக்கு அடியில் ஓடி வளையம் கோணும். 50 மைக்ரோலிட்டர் ஊற்றி, 4 டிகிரியில் 3 மணி நேரம் ஊறவிட்டு, பிறகு 30 டிகிரியில் இரவு முழுக்க வையுங்கள்.

அளவு சொல்ல, மாதிரியைப் பாதி பாதியாக நீர்த்துக்கொண்டே போங்கள். ஒவ்வொரு முறையும் பிப்பெட் டிப்பை மாற்றுங்கள். வளையம் தெரிந்த கடைசிக் குழி 32 மடங்கு நீர்த்தது என்றால், 32 × 1000 ÷ 50 = மில்லிக்கு 640 ஏயு (வீரியத்தின் அலகு). அதே தட்டில் 10 மைக்ரோலிட்டர் சொட்டு வைத்து, அதுவும் 32 மடங்கில் நின்றால் கணக்கு 3,200 ஆகிவிடும். ஊற்றிய அளவையும் கிருமியின் பெயரையும் சொல்லாத ஏயு எண்ணால் யாருக்கும் பயனில்லை. ஒவ்வொரு நாளும் நிசினைப் பக்கத்தில் ஓட்டுங்கள்: 2.5 சதவீதத் தூளில் மில்லிகிராமுக்குச் சுமார் 1,000 ஐயு (சர்வதேச அலகு), 0.02 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைக்க வேண்டும்.

இரண்டு வெவ்வேறு பெப்டைடுகளை வளையத்தின் அகலத்தை வைத்து ஒப்பிட முடியாது. பெரியது மெதுவாகப் பரவும். நேர்மின் உள்ளதை அகார் இழுத்துப் பிடிக்கும். அதற்கு அகார் இல்லாமல், 96 குழித் தட்டில் திரவத்திலேயே கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறைதான் சரி. தட்டும் குழாயும் பாலிப்ரோப்பிலீனாக இருக்கட்டும். பாலிஸ்டைரீன் சுவரில் பெப்டைடு ஒட்டிக்கொண்டால், வீரியமுள்ளதும் வீரியமற்றதாகவே தெரியும்.