ஸ்கூட்டருக்கு ரேஸிங் காயில், இரிடியம் பிளக் தேவையா? வாங்கும் முன் வீட்டிலேயே சோதிப்பது எப்படி

இரிடியம் பிளக், ரேஸிங் சி.டி.ஐ. (பொறி பாயும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் பெட்டி), ஹை வோல்டேஜ் காயில் (பிளக்குக்கு வேண்டிய உயர் வோல்டேஜைத் தருவது), கலர் கலராக சிலிக்கான் ஒயர். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு ‘கிட்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். போட்டால் பிக்கப் ஏறும், மைலேஜ் ஏறும், ஸ்டார்ட்டிங் டிரபிளே வராது என்று கீழே எழுதியிருக்கும்.

எங்கள் வீட்டில் இருப்பது கார்புரேட்டர் வைத்த 110 சிசி ஆக்டிவா. மழை பெய்தால் மிஸ்ஸிங், காலையில் செல்ஃப் எடுக்காது, பிக்கப்பும் மந்தம். ‘காயில் வீக், ரேஸிங் காயில் போட்டுடலாம்’ என்று ஆலோசனை வந்தது. பணத்தை எடுப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தேன். மழை மிஸ்ஸிங்குக்குக் காரணம் பிளக் கேப். செல்ஃப் எடுக்காததற்குப் பேட்டரி. பிக்கப் குறைந்ததற்குத் தேய்ந்த பெல்ட்டும் ரோலரும். காயிலுக்கு ஒன்றுமே இல்லை, இன்றும் கம்பெனி காயில்தான் ஓடுகிறது.

டியோ, ஆக்சஸ், ஜூபிடர் என்று 2020-க்கு முன் வந்த கார்புரேட்டர் வண்டிகளுக்கெல்லாம் ஏறக்குறைய இதே வழிதான். பி.எஸ்.6 வண்டிக்காரர்களுக்கும், பழைய சேத்தக் வைத்திருப்பவர்களுக்கும் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

முதலில் இந்த 40,000 வோல்ட் கதை

காயில் பெட்டியில் பெரிய எழுத்தில் ‘40,000 வோல்ட்’ என்பது போல ஒரு எண் இருக்கும். அது அந்தக் காயிலால் அதிகபட்சம் முடிந்த அளவு, பிளக்குக்குத் தினமும் போகிற அளவு அல்ல. பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் வேண்டுமோ, அதைத் தொட்டதும் தீப்பொறி பாய்ந்துவிடும். அதற்குமேல் வோல்டேஜ் ஏறவே ஏறாது. மொட்டைமாடித் தொட்டியில் வழிகுழாய் இருக்கும் மட்டத்துக்குமேல் தண்ணீர் நிற்காதல்லவா, கீழே எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும்? அதே கதைதான்.

எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பதை முடிவு செய்வது பிளக் இடைவெளி, சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தம், முனை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பவை. கம்பெனி நிலையில் இருக்கும் ஸ்கூட்டர் எஞ்சினுக்குக் கம்பெனி காயிலே தாராளம். எஞ்சினை போர் பண்ணி (சிலிண்டரை அகலமாக்கி), கம்ப்ரஷன் ஏற்றி ரேஸுக்கு விடுகிறவர்களுக்கு வேறு கணக்கு. அவர்கள் இந்தப் பதிவைப் படிக்கப் போவதில்லை.

படி 1: குறையைப் பிரித்து எழுதுங்கள்

‘வண்டி சரியில்லை’ என்றால் எந்தக் கடையிலும் ஏதோ ஒன்றை மாற்றத்தான் செய்வார்கள். எப்போது, எந்த நிலையில் என்று எழுதுங்கள்.

எஞ்சின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் இக்னிஷனை விட்டுவிடுங்கள். பெல்ட், ரோலர், கிளட்ச் பக்கம் பாருங்கள். கியர் இல்லாத ஸ்கூட்டரில் பிக்கப் புகாரில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கும். கிக்கரில் உடனே எடுக்கிறது, செல்ஃபில் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறது என்றால் பேட்டரி. மழையிலும் வண்டி கழுவிய பிறகும் மட்டும் திக்குகிறது என்றால் பிளக் கேப் அல்லது ஒயர். அரைமணி நேரம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறியதும் எடுக்கிறது என்றால்தான் காயில், பல்சர் காயில் (பொறி நேரத்தை சி.டி.ஐ.க்குச் சொல்லும் சின்ன காயில்), சி.டி.ஐ. ஆகியவற்றின் மேல் சந்தேகம் வர வேண்டும். அதிலும் டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருந்தால் இதே மாதிரிதான் நின்று தொலைக்கும். நிற்கும்போது மூடியைத் திறந்து வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடினால் கோளாறு மூடியில்தான்.

படி 2: பேட்டரி

ஒரு இரவு ஓட்டாமல் வைத்துவிட்டுக் காலையில் மல்டிமீட்டரை வையுங்கள். 12.4 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சார்ஜ் போதவில்லை. எஞ்சினை ஓடவிட்டுக் கொஞ்சம் ரேஸ் கொடுத்தால் 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும்.

செல்ஃப் பட்டனை அழுத்திப் பிடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதையும் பாருங்கள். பேட்டரி கரண்டில் ஓடும் டி.சி. வகை சி.டி.ஐ. என்றால், வீக்கான பேட்டரியை ஸ்டார்ட்டர் மோட்டாரே இழுத்துக்கொள்ளும், சி.டி.ஐ.க்கு மிச்சம் இருக்காது. தீப்பொறி மெலிந்துவிடும். பார்ப்பவர்கள் ‘காயில் வீக்’ என்பார்கள்.

ஓடும் எஞ்சினில் பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்கும் பழைய வித்தையை மட்டும் செய்யாதீர்கள். ரெகுலேட்டர், சி.டி.ஐ. எல்லாம் சேர்ந்து போக வாய்ப்பிருக்கிறது.

படி 3: பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றி இருக்கும் மண்ணை ஊதிவிடுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும்.

முனை இளம் பழுப்பு நிறம் என்றால் எல்லாம் சரி. கரிப்பொடி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது, அல்லது வண்டி தெருமுனைக் கடைக்கு மட்டுமே போய்வருகிறது. பிளக் முனை 450 டிகிரி சூட்டைத் தொட்டால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும், இரண்டு தெரு ஓட்டத்தில் அந்தச் சூடு வராது. எண்ணெய்ப் பசையாக இருந்தால் பிரச்சினை ரிங்கிலோ வால்வு சீலிலோ, பிளக்கை மாற்றிப் புண்ணியமில்லை. வெள்ளை வெளேரென்று இருந்தால் சூடு அதிகம். கார்புரேட்டரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பிளக் மேலே உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். என்.ஜி.கே.யில் சி.பி.ஆர்.8இ.ஏ-9 என்று இருந்தால்: சி என்பது 10 மி.மீ. மரை, பி முனை நீட்டிக்கொண்டிருப்பது, ஆர் உள்ளே ரெசிஸ்டர் உள்ளது, 8 சூட்டு எண், இ 19 மி.மீ. மரை நீளம், கடைசி 9 என்பது 0.9 மி.மீ. இடைவெளி. என்.ஜி.கே.யில் சூட்டு எண் ஏற ஏறப் பிளக் ‘கூல்’, அதாவது சூட்டை வேகமாக வெளியே தள்ளிவிடும். போஷில் தலைகீழ். இது தெரியாமல் ‘பெரிய நம்பர் நல்ல நம்பர்’ என்று கடைக்காரர் கொடுத்ததை வாங்கிப் போட்டால் வாரத்துக்கு ஒருமுறை கரி சுரண்ட வேண்டியதுதான்.

டூல்ஸ் பற்றி: வண்டியோடு வரும் பிளக் ஸ்பேனரே போதும், உள்ளே ரப்பர் வைத்தது கிடைத்தால் இன்னும் நல்லது. இடைவெளி அளக்கக் கம்பி வகை கேஜ் வாங்குங்கள். நாணயம் மாதிரி வட்டமாக வரும் மலிவு கேஜ் எனக்குப் பிடிக்காது, அதை நெம்புவதில் முனை வளைந்துவிடும். இரிடியம் பிளக்கில் நடுமுனை 0.6 மி.மீ.தான், அதில் எதையும் வைத்து நெம்பவே கூடாது.

மாட்டும்போது முதலில் கையால் திருக வேண்டும். கை நின்ற பிறகு புதுப் பிளக்குக்கு ஏறக்குறைய அரைச்சுற்று ஸ்பேனர், பழைய பிளக்குக்கு ஒரு சின்ன இறுக்கு. சிலிண்டர் ஹெட் அலுமினியம், மரை போனால் பிளக் விலையில் முடியாது.

படி 4: பிளக் கேப். இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

கேப் என்பது பிளக் தலையில் மாட்டும் கறுப்புத் தொப்பி. அதற்குள் 5 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரும், ஒயரின் செம்புக்குள் குத்திக்கொள்ளும் ஒரு திருகும் இருக்கும். முன்சக்கரம் வாரியடிக்கும் தண்ணீர் நேராக இந்தப் பக்கம்தான் வரும். தண்ணீர் உள்ளே போனால் செம்பில் பச்சையாகக் களிம்பு ஏறிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

கேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒயரை இடப்பக்கமாகத் திருகினால் கழன்று வரும். இழுக்கக் கூடாது. கேப்பின் இரண்டு முனையிலும் மீட்டரை வைத்தால் 5 கிலோ ஓமை ஒட்டி வர வேண்டும். எங்கள் கேப்பில் மீட்டர் ஒரு முறை 9 காட்டியது, ஆட்டினால் எண்ணே வரவில்லை. ஒயர் முனையிலும் களிம்பு. ஒயரில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டேன், பளபளவென்று செம்பு தெரிந்தது. புது கேப்பைத் திருகினேன், மழை மிஸ்ஸிங் அதோடு முடிந்தது. வெட்டுவதற்கு முன் ஒயர் நீளம் மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் ஒயர் காயிலோடு ஒட்டியே வரும், நீளம் போதாவிட்டால் காயிலையே மாற்ற வேண்டிவரும்.

ஒயர் கசிகிறதா என்று பார்க்க இருட்டிய பிறகு வண்டியை ஓடவிட்டு, ஒயர் மேலும் கேப் மேலும் ஸ்பிரே பாட்டிலால் தண்ணீரைப் பனிபோல அடியுங்கள். கசிவு இருந்தால் நீலமாகப் பூச்சி ஓடுகிற மாதிரி தெரியும், எஞ்சின் திக்கும். கையை வைத்துப் பார்க்காதீர்கள்.

படி 5: காயிலை அளப்பது

பலர் தடுமாறும் இடம் இது. நல்ல காயிலைக் கெட்டது என்று தூக்கிப் போடுவதும் இங்கேதான்.

காயிலில் இரண்டு சுற்று உண்டு. முதல் சுற்றின் தடை சி.டி.ஐ. வண்டிகளில் பொதுவாக ஒரு ஓமுக்கும் குறைவு. உங்கள் மல்டிமீட்டரின் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3, 0.5 என்று காட்டும், அது மீட்டர் ஒயரின் தடை. அதைக் கழிக்காமல் பார்த்தால் அளவு புத்தகத்தில் உள்ளதைவிட இரண்டு மடங்காகத் தெரியும். ஆகவே முதலில் குச்சிகளைத் தொட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அளந்து கழியுங்கள். பேட்டரி இறங்கிய மீட்டர் கண்டபடி காட்டும், அதையும் மாற்றிவிடுங்கள். விலை உயர்ந்த மீட்டர் தேவையில்லை, 200 ஓம் ரேஞ்ச் இருக்கும் மஞ்சள் மீட்டர் போதும்.

இரண்டாம் சுற்று சில ஆயிரம் ஓம் இருக்கும். கேப்போடு சேர்த்து அளந்தால் கேப்பின் 5 கிலோ ஓமும் கூடிவரும். சர்வீஸ் மேனுவலில் ‘கேப்புடன்’ என்றும் ‘கேப் இல்லாமல்’ என்றும் தனித்தனியாக இருக்கும், எந்த வரியைப் பார்க்கிறோம் என்று கவனியுங்கள்.

சூடானால் மட்டும் நிற்கும் வண்டி என்றால், நின்றவுடன் அதே சூட்டில் அளக்க வேண்டும். ஆறிய காயில் எப்போதும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும். சில காயில்கள் ஓமில் சரியாகக் காட்டி, உயர் வோல்டேஜ் வந்ததும் உள்ளேயே கசியும். அதற்குத் தெரிந்தவர் வண்டியிலிருந்து அதே மாடல் காயிலைக் கழற்றிப் போட்டுப் பார்ப்பதைவிட எளிய சோதனை கிடையாது.

பிளக்கை வெளியே எடுத்து எஞ்சினில் தொட்டுக் கிக்கர் அடித்து ‘ஸ்பார்க் வருதே’ என்று முடிவு செய்யாதீர்கள். திறந்த காற்றில் பாய்வது சுலபம், சிலிண்டர் அழுத்தத்தில் பாய்வதுதான் கஷ்டம். இடைவெளியை மாற்றிக்கொள்ளும் ஸ்பார்க் டெஸ்டர் வாங்குங்கள். எதைச் செய்தாலும் பிளக்கின் உலோகம் எஞ்சினைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒயரை அந்தரத்தில் விட்டுக் கிக்கர் அடித்தால் நல்ல காயிலும் போய்விடும்.

படி 6: சரி, எதை வாங்கலாம்?

இரிடியம் பிளக்: அதே சூட்டு எண்ணில் வாங்கலாம். மெல்லிய முனையால் குறைந்த வோல்ட்டில் பொறி பாயும், தேய்மானம் மெதுவாக இருக்கும். சாதாரணப் பிளக்கைவிடப் பல மடங்கு விலை. என் கருத்து, சாதாரணப் பிளக்கை நேரத்துக்கு மாற்றினால் வித்தியாசம் தெரியாது. பிளக் எட்டாத இடத்தில் இருந்து, கழற்றவே சலிப்பாக இருந்தால் இரிடியம் நியாயம். போலிப் பிளக் நிறைய உலவுகிறது, பில் கொடுக்கும் கடையில் வாங்குங்கள்.

ஹை வோல்டேஜ் காயில்: வேண்டாம். பழையது கெட்டிருந்தால் கம்பெனி காயில் போடுங்கள்.

சிலிக்கான் ஒயர்: பழையது வெடித்திருந்தால் மட்டும். நிறத்துக்காக வேண்டாம்.

ரேஸிங் சி.டி.ஐ.: கண்டிப்பாக வேண்டாம். அது செய்வது இரண்டு வேலை: ஆர்.பி.எம். வரம்பை எடுத்துவிடுவது, பொறி நேரத்தை முன்னுக்குத் தள்ளுவது. ஸ்கூட்டரில் ஆர்.பி.எம்.மை வேரியேட்டர் (ரோலரும் பெல்ட்டும் வேலை செய்யும் பாகம்)தான் ஆள்கிறது, அந்த வரம்பை நாம் தொடுவதே அபூர்வம். நேரத்தை முன்னே தள்ளினால் சாதா பெட்ரோலில் மேட்டில் ஏறும்போது நாக்கிங் (எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம்) வரலாம், பிஸ்டனுக்கு அது நல்லதல்ல. இன்னொன்று, ஏ.சி. சி.டி.ஐ.யும் டி.சி. சி.டி.ஐ.யும் ஒரே மாதிரி சாக்கெட்டில் வரலாம். பொருந்துகிறதே என்று மாட்டினால் புகைந்துவிடும்.

பிறகு சேர்த்தது

பி.எஸ்.6 வண்டியில் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். 2020 ஏப்ரலிலிருந்து வரும் பெட்ரோல் ஊசி வண்டிகளில் பொறி நேரத்தையும் பெட்ரோலையும் ஈ.சி.யூ. என்ற எஞ்சின் கணினியே பார்த்துக்கொள்கிறது. தனி சி.டி.ஐ. இல்லை, ஆகவே ‘பி.எஸ்.6 சி.டி.ஐ.’ என்று யாராவது விற்றால் நகர்ந்துவிடுங்கள். ரெசிஸ்டர் இல்லாத பிளக்கோ கேப்போ போட்டால் அந்த மின் இரைச்சல் ஈ.சி.யூ.வைக் குழப்பும். வாரண்டி இருக்கும்வரை காயில் பக்கம் போகவே வேண்டாம்.

சேத்தக், விஜய் சூப்பர், லாம்பி வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு என் பதில் நேர் எதிர். பாயிண்ட் (பொறி பாய்வதற்காகக் கரண்டைத் துண்டிக்கும் சின்ன சுவிட்ச்) வைத்த வண்டியில் எலக்ட்ரானிக் இக்னிஷனுக்கு மாறுவது பணத்துக்குத் தகுந்த வேலை. பாயிண்ட் தேயத் தேய இடைவெளி மாறும், அதோடு டைமிங்கும் நகரும். கண்டன்சர் வேறு தனியாகச் சதி செய்யும். மாறினால் இந்தத் தொல்லை மொத்தமும் போய்விடும். ஆனால் அது ஒரு பெட்டியை மாட்டும் வேலை இல்லை: ஸ்டேட்டர் தட்டு, மேக்னட் வீல், சி.டி.ஐ. மூன்றும் ஒரே செட்டாக வர வேண்டும். வீலின் கூம்புத்துளை உங்கள் கிராங்க் முனையின் கூம்போடு பொருந்துகிறதா என்பதைக் கடையிலேயே பழைய வீலைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 6 வோல்ட் வண்டி 12 ஆக மாறினால் பல்புகள், ஹாரன் எல்லாமும் மாற வேண்டும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். மாட்டியபின் டைமிங் லைட் வைத்துப் பார்க்கும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். காதால் கேட்டே டைமிங் வைக்கிறேன் என்பவரிடம் வேண்டாம்.