பிரவுசர் எச்சரிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

விண்ணப்பம் அனுப்ப இன்று கடைசி நாள். தளத்தைத் திறந்தால் சிவப்பு அடையாளத்தோடு, இணைப்பு பாதுகாப்பாக இல்லை என்று பிரவுசர் தடுக்கிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் பிரவுசிங் சென்டர்களில் பலரும் உடனே செய்வது, ‘அட்வான்ஸ்டு’ என்பதைத் தட்டி, கீழே வரும் ‘தொடர்க’ லிங்க் வழியாக உள்ளே போய்விடுவதுதான். இருப்பதிலேயே ஆபத்தான தவறு இதுதான். எதிரே இருப்பது நிஜமாகவே அந்தத் தளம்தானா என்று பிரவுசரால் உறுதி செய்ய முடியவில்லை. இடையில் வேறு யாராவது இருந்தால் நீங்கள் அடிக்கும் ஆதார் எண்ணும் பாஸ்வேர்டும் ஓடிபியும் அவர் கைக்குப் போய்விடும்.

எதையும் தட்டுவதற்கு முன்னால், அதே பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும் பிழைக் குறியீட்டைப் படியுங்கள். தான் யார் என்று காட்ட ஒவ்வொரு தளமும் பிரவுசரிடம் ஒரு டிஜிட்டல் சான்றிதழைக் கொடுக்கும். அதிலுள்ள தேதி, பெயர், சான்றிதழ் கொடுத்தவர் என மூன்றில் எது ஒத்துப்போகவில்லை என்று பெரும்பாலும் அந்தக் குறியீட்டிலேயே இருக்கும்.

குறியீட்டில் ‘டேட் இன்வாலிட்’ என்று வந்தால் முதலில் உங்கள் கம்ப்யூட்டரின் கடிகாரத்தைப் பாருங்கள். ஐப்பசியில் இடியும் மழையும் தொடங்கினால் குலசேகரம், அருமனை பக்கத்து வீடுகளில் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுவோம். நல்ல பழக்கம்தான். ஆனால் பழைய டெஸ்க்டாப்பின் மதர்போர்டில் இருக்கும் சிஆர் 2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருந்தால், கரண்ட் இல்லாத நேரத்தில் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் தொடக்க நாளும் முடியும் நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2010-ல் நின்றால், இன்றைய சான்றிதழ்கள் எல்லாமே இன்னும் பிறக்காதவை. அதனால்தான் கூகுள் உட்பட எந்தத் தளமும் திறக்காது. இது புரியாமல் பிரவுசரை அழித்து மறுபடி போடுவார்கள். சிலர் விண்டோஸையே ஃபார்மேட் செய்துவிடுவார்கள், வீட்டுப் படங்கள் எல்லாம் போய்விடும். தேதி, வருடம், ஏஎம்-பிஎம், அப்புறம் நேர மண்டலம் இந்திய நேரமான யுடிசி +05:30-ல் இருக்கிறதா என்று சரிபார்த்தாலே போதும். மணியைச் சரியாக வைத்தும் மண்டலம் தப்பாக இருந்தால் உள்கணக்கு பல மணி நேரம் பிசகும். திருத்திய தேதி அடுத்த முறையும் மாறினால் பேட்டரியை மாற்றுங்கள். வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கடிகாரம் சரி, மற்ற தளங்களும் திறக்கின்றன, ஒரே ஒரு தளம் மட்டும் மறுக்கிறது என்றால் மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அங்கும் அதே தேதிப் பிழை என்றால் சான்றிதழைப் புதுப்பிக்க அந்தத் தளத்தார் மறந்திருக்கிறார்கள். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற இலவசச் சான்றிதழ்கள் வழக்கமாக 90 நாளில் காலாவதியாகும். பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் கேச்சை நீங்கள் அழித்துப் பயனில்லை. அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும்.

கன்னியாகுமரி லாட்ஜ் வைஃபையில் மட்டும் பிழை வருகிறதா? அறை எண்ணோ போன் எண்ணோ கேட்கும் லாகின் பக்கத்தைக் காட்ட, அந்த வைஃபை உங்கள் கோரிக்கையை இடைமறித்திருக்கலாம். எச்சரிக்கையைத் தாண்டாதீர்கள். ‘நெட்வொர்க்கில் உள்நுழைக’ என்று போன் காட்டும் அறிவிப்பு வழியாகப் போங்கள்.

‘அத்தாரிட்டி இன்வாலிட்’ என்றால், சான்றிதழ் கொடுத்தவரை பிரவுசர் நம்பவில்லை என்று அர்த்தம். பாதுகாப்பு இணைப்புகளைச் சோதிக்கும் ஆன்டிவைரஸ் காரணமாக இருக்கலாம். அந்தச் சோதனையை மட்டும் தற்காலிகமாக நிறுத்திப் பாருங்கள், ஆன்டிவைரஸையே நீக்க வேண்டாம். மற்ற சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக இருப்பது ரூட் சான்றிதழ். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பும் ரூட் சான்றிதழை நிறுவவே கூடாது. நிறுவிவிட்டால், அதை உருவாக்கியவர் எந்தத் தளத்தின் பெயரிலும் உங்களிடம் வர முடியும். 2014 ஜூலையில், நம் மத்திய அரசின் கணினி அமைப்பான என்ஐசியின் சான்றிதழ் பிரிவிலிருந்தே கூகுள் முகவரிகளுக்கு அனுமதியில்லாச் சான்றிதழ்கள் வெளியானதை கூகுள் கண்டுபிடித்தது. முறைப்படி நடக்கும் அமைப்பிலேயே அப்படி நேரும்போது, முகம் தெரியாதவர் அனுப்பும் கோப்பை எப்படி நம்புவது?

ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களில் லெட்ஸ் என்கிரிப்ட்டின் ரூட் சான்றிதழ் கிடையாது. அவற்றுக்காக இருந்த இடைக்கால ஏற்பாடும் 2024-ல் முடிந்துவிட்டது. அந்தப் போனில் வங்கி வேலை வேண்டாம்.

சில தளங்களில் ‘தொடர்க’ லிங்க்கே வராது. தளமே பிரவுசரிடம் அப்படிக் கேட்டு வைத்திருக்கிறது. அதைச் சுற்றிப் போக யூடியூபில் வழி தேடாமல், குறியீடும் தேதியும் தெரிய ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்த நிறுவனத்துக்கு அனுப்புங்கள். வங்கி என்றால், பாஸ்புக்கில் இருக்கும் கிளை எண்ணுக்கே கூப்பிடுங்கள்.