விறகு அடுப்பு எரிந்தும் வீடு சூடாகவில்லையா?

கனடா, அமெரிக்காவில் பழைய வீட்டுச் செங்கல் ஃபயர்பிளேஸுக்குள் விறகு அடுப்பு இன்சர்ட் (உள்ளே செருகி வைக்கும் மூடிய இரும்பு அடுப்பு) வைத்திருப்பவர்கள், எவ்வளவு எரித்தும் கூடம் சூடாகவில்லை என்றால் முதலில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியது பழைய டேம்பர் (புகைபோக்கியைத் திறந்து மூடும் தகடு) இருந்த வாயைத்தான். அடுப்புப் புகையை மேலே கொண்டுபோகும் லைனர் குழாயைச் சுற்றி இடைவெளி இருந்தால் சூடு புகைபோக்கிக்குள்ளேயே ஏறிவிடும், அதுவும் புகைபோக்கி வெளிச்சுவரில் இருந்தால் நட்டம் இன்னும் அதிகம்.

அந்த வாயின் அளவுக்கு இரும்புத் தகடு வெட்டி, குழாய் நுழைய ஓட்டை போட்டு, கீழிருந்து ஸ்க்ரூ வைத்து முடுக்குங்கள், பிறகு கழற்ற வேண்டி வரும். தகட்டுக்கு மேலே காகித உறை இல்லாத மினரல் வூலை (பாறையை உருக்கி இழையாக்கிய பஞ்சு) குழாயைச் சுற்றி அடையுங்கள், அது சுமார் 1000 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. வீட்டுச் சுவருக்குள் வைக்கும் சாதாரண ஃபைபர்கிளாஸ், ஸ்ப்ரே ஃபோம் இரண்டும் இங்கே கூடவே கூடாது. தகடு வைக்காமல் பஞ்சை மட்டும் திணித்தால் இழை உதிரும், அடுப்பின் சூட்டை வெளியே தள்ளும் விசிறியான ப்ளோயர் அதை அறைக்குள் ஊதிவிடும்.

அடுப்பின் பக்கவாட்டிலும் பின்னாலும் சூடு தாங்கும் செராமிக் போர்டு வைக்கலாம், ஆனால் ப்ளோயர் காற்று ஓடும் வழியை அடைக்காதீர்கள், எவ்வளவு இடைவெளி என்று அடுப்போடு வந்த கையேட்டில் பார்த்துவிடுங்கள். அப்புறம் மாஸ்க், கையுறை கட்டாயம்.