பழைய பட்டாளத்துக் காகிதத்தில் ஊர்ப்பெயரைப் படிப்பது எப்படி

தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து பட்டாளத்துக்குப் போன தாத்தாவின் டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டில் எல்லாம் புரியும், ஊர்ப்பெயர் மட்டும் பிடிபடாது. கையெழுத்து பாதிக் காரணம்தான். ஆள் வாயால் சொன்னதை, அந்த ஊரைப் பார்த்தே இராத குமாஸ்தா காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதிவைத்தார் என்பது மீதி. அதனால் எழுத்தைக் கண்ணால் பிடித்து, ஊரைக் காதால் பிடிக்க வேண்டும்.

முதலில் நல்ல படம் வேண்டும். முழுத் தாளையும், இரண்டு பக்கமும், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். பின்பக்க மை ஊறித் தெரிந்தால் தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை வையுங்கள். மங்கிய பென்சில் எழுத்துக்கு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுக்கலாம். ஊதாப் பென்சிலால் எழுதியிருந்தால் ஈரம் படவே கூடாது, சாயமாகக் கரைந்து பரவிவிடும். லேமினேஷன் வேண்டவே வேண்டாம்.

ஊர்ப்பெயரை உடனே படிக்க உட்காராதீர்கள். அதே கையெழுத்தில் சந்தேகமில்லாமல் தெரியும் சொற்களை முதலில் எடுங்கள்: மாதப் பெயர், பதவி, மதம், 'டேஞ்சூர்' (தஞ்சாவூர்) என்ற ஜில்லாப் பெயர். அவற்றிலிருந்து அந்தக் குமாஸ்தா ஏ, என், ஆர், டி (T) எழுத்துகளை எப்படிப் போடுகிறார் என்று ஒரு தாளில் வரைந்து கொள்ளுங்கள். பெரிய டி எழுத்து மிக முக்கியம். காவிரி டெல்டாவில் 'திரு' என்று தொடங்கும் ஊர்கள் ஏராளம்; பெரிய டி பலர் கையில் எஃப் போலவும் ஜே போலவும் விழும்.

அடுத்தது செங்குத்துக் கோடுகளை எண்ணுவது. சின்ன எழுத்தில் எம் மூன்று கோடு, என், யூ இரண்டிரண்டு, ஐ ஒன்று. நீடாமங்கலத்தை 'நீடாமுங்கலும்' என்று எழுதியிருந்தால் நடுவே எம், யூ, என் சேர்ந்து ஏழு கோடுகள் வரிசையாக நிற்கும். எண்ணாமல் படித்தால் எதையும் படிக்கலாம். ஐக்கு மேல் உள்ள புள்ளி ஓரிரு எழுத்து தள்ளி விழுந்திருக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள். பழைய கையில் இரட்டை எஸ் வந்தால் முதல் எஸ் நீண்டு எஃப் போலத் தெரியும்.

பிறகு பெயரின் வாலைப் பாருங்கள். தலை எழுத்து அலங்காரத்தில் கெட்டிருக்கும், வால் பெரும்பாலும் குடி, மங்கலம், நல்லூர், சேரி, புரம், காடு என்று நமக்குத் தெரிந்த ஒன்றாகவே இருக்கும். பழைய ஸ்பெல்லிங்கில் யூ என்பது குறில் அ. இரட்டை ஓ என்றால் உ அல்லது ஊ. இரட்டை ஈ என்றால் இ அல்லது ஈ. க-வுக்கு சி எழுத்து. கோட்டை 'காட்டா'வாகும், பாளையம் 'பொல்லம்' ஆகும், 'திரு' சுருங்கி 'ட்ரி' ஆகும். ழகரம் எல் எழுத்தில் ஒளிந்திருக்கும்: சீர்காழிதான் 'ஷியாலி'. கிடைத்ததைத் தமிழ் வாயால் நாலைந்து விதமாக உரக்கச் சொல்லிப் பாருங்கள். டெல்டாவில் பிறந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை அங்கேயே முடியும்.

காரைக்கால் ஆட்களின் பிரெஞ்சுத் தாள்களுக்கு வேறு காது வேண்டும். அங்கே ஓ, யூ சேர்ந்தால் உகரம். 'கிராந்த் அல்தே' என்று இருந்தால் அது திருமலைராயன்பட்டினம்.

இனி தாலுகா. 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் ஒன்பது தாலுகாக்கள்: தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), சீர்காழி, நன்னிலம், நாகப்பட்டினம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை. 1991 வரை இன்றைய நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களும் தஞ்சாவூருக்குள்தான் இருந்தன. ஆகவே இன்றைய மாவட்டத்தை வைத்துத் தேடினால் கிடைக்காது. பழைய சென்சஸ் கிராமப் பட்டியலில் அந்தத் தாலுகாவை மட்டும் எடுத்து, கோடு எண்ணிக்கையும் வாலும் பொருந்தும் பெயர்களைக் குறியுங்கள். பிறகு சர்வே ஆஃப் இந்தியாவின் ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல் வரைபடத்தில் பாருங்கள். தஞ்சாவூர், கும்பகோணம், நாகப்பட்டினம் '58 என்' (58N) என்ற எண்ணுள்ள வரைபடத் தொகுதியிலும் மாயவரம், சீர்காழி '58 எம்' (58M) தொகுதியிலும் வரும். தாளில் தபால் ஆபீஸ் பெயர் இருந்தால், அது நீங்கள் கண்டுபிடித்த ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஊர் தவறு.

பெயர் ஒன்று, ஊர் இரண்டு என்பதுதான் பெரிய குழி. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய 1750களின் கர்நாடகப் போர்க் குறிப்புகளில் வரும் 'ட்ரிவாடி' பண்ருட்டிப் பக்கத்துத் திருவதிகை. தஞ்சாவூர்த் தாளில் 'திருவாடி' என்றால் திருவையாறு. 'திருவலூர்' என்பது திருவாரூராகவும் இருக்கலாம், சென்னைக்கு மேற்கே உள்ள திருவள்ளூராகவும் இருக்கலாம். பாபநாசம் இங்கும் உண்டு, தாமிரபரணிக் கரையிலும் உண்டு. மேல, கீழ, வட, தென் என்ற முன்னொட்டைக் குமாஸ்தா ஒற்றை எழுத்தாகச் சுருக்கியிருப்பார். அதைக் கறை என்று விட்டுவிட்டால் பக்கத்து ஊருக்குப் போய்விடுவீர்கள்.

முடிவை எழுதிவைக்கும்போது தாளில் உள்ள ஸ்பெல்லிங்கை ஓர் எழுத்தும் திருத்தாமல் முதலில் எழுதுங்கள். சந்தேக எழுத்துக்குக் கேள்விக்குறி போட்டு, கீழே உங்கள் ஊகம், அதற்கான ஆதாரம், தள்ளிய மாற்றுப் பெயர்கள் என்று தனித்தனியாகக் குறியுங்கள். நாளைக்கு இன்னொரு தாள் கிடைத்தால் எங்கே பிசகினோம் என்று பார்க்க அதுதான் உதவும்.